வாசலில் நேற்றைய பேப்பரும் கிடந்தால் மணியை அடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியாக வசித்த முதியவர் வீட்டுக்குள்ளேயே இறந்துகிடந்தது சில நாட்கள் கழித்துத்தான் தெரியவந்தது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. நீங்களும் போடுகிறீர்கள், நாங்களும் படித்துவிட்டு 'பாவம்' என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த நாட்களில் அந்தக் கதவுக்கு வெளியே யார் யாரெல்லாம் வந்துபோயிருப்பார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேப்பர் போடுபவர் வந்திருப்பார், நேற்றுப் போட்டது எடுக்காமல் கிடப்பதைப் பார்த்திருப்பார், அதன் மேலேயே இன்றைய பேப்பரையும் போட்டுவிட்டுப் போயிருப்பார். தபால்காரர், மீட்டர் பார்ப்பவர், பார்சல் கொண்டுவந்த பையன், எதிர்வீட்டுக்காரர் என்று ஆளுக்கு ஏதோ ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நமக்கெதற்கு என்று விட்டிருப்பார்கள், இல்லையென்றால் இதை யாரிடம் சொல்வது என்று தெரிந்திருக்காது. இந்த இரண்டாவது காரணத்தைச் சரிசெய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் ஸ்போக்கேன் என்ற நகரத்தில் 1978-லேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். முதியோர் மனநலப் பணியில் இருந்த ரேமண்ட் ராஷ்கோ என்பவருக்கு ஒரு விஷயம் புரிந்தது: உதவி ரொம்பத் தேவைப்படுகிற பெரியவர்கள் தாங்களாக வந்து கேட்கவே மாட்டார்கள், கேட்டுத் தர உறவும் பக்கத்தில் இருக்காது. அதனால் எப்படியும் அவர்களைப் பார்க்கிற ஆட்களுக்கு, அதாவது மீட்டர் பார்ப்பவர், தபால்காரர், வங்கி ஊழியர் போன்றவர்களுக்கு, எதைக் கவனிக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். 'கேட்கீப்பர்' என்று பெயர். அவர்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம், அறிவுரை சொல்ல வேண்டாம். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் ஒரு போன் செய்தால் போதும், மீதியை அதற்கென்று இருக்கும் ஆட்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்வார்கள். பிரான்சில் 2017 முதல் தபால் நிறுவனமே ஒரு கட்டணச் சேவை நடத்துகிறது, தபால்காரர் பெரியவர்களின் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்துவிட்டு பிள்ளைகளுக்குத் தகவல் சொல்கிறார். காசு வாங்கிக்கொண்டு செய்வது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் யாருமே எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

உங்களிடம் கேட்பது இதுதான். தினமும் காலையில் எத்தனையோ வீட்டு வாசலுக்குப் போகிற ஆட்கள் உங்கள் பேப்பருக்கு இருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டாம் நாளும் பேப்பர் எடுக்காமல் கிடந்தால் மணியை அடித்துப் பாருங்கள், பதில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள், ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? சந்தா எழுதும்போதே அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று, விருப்பமுள்ளவர்களிடம் மட்டும், ஒரு நம்பர் வாங்கி வைக்க முடியுமா? அப்புறம், அக்டோபர் 1 முதியோர் தினத்தன்று ஒரு கட்டுரை போடுவதோடு நிறுத்தாமல் முதியோர் உதவி எண்ணை வாரம் ஒருமுறையாவது, கண் மங்கியவர்களும் படிக்கிற அளவு எழுத்தில், ஒரே பக்கத்தில் ஒரே இடத்தில் போடுங்கள்.

இனி வாசகர்களுக்கு. இரண்டு நாள் என்பதே சில சமயம் ரொம்பத் தாமதம். கீழே விழுந்து எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பதே பெரிய ஆபத்து: உடல் வற்றிப்போகும், அழுந்திக் கிடக்கும் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். எலும்பு முறியாதவருக்கும் இது நடக்கும். அதனால் தனியாக இருக்கும் பெரியவரோடு தினமும் ஒரு சின்ன ஏற்பாடு வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்கிவிடுவது, அல்லது ஒரு மிஸ்டு கால் கொடுப்பது, எதுவானாலும் சரி. அது வராவிட்டால் உடனே போய்ப் பார்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டும் பதில் இல்லை, போனும் எடுக்கவில்லை, சாவி வைத்திருப்பவரும் பக்கத்தில் இல்லை என்றால் தயங்காமல் போலீசையோ ஆம்புலன்ஸையோ கூப்பிடுங்கள். அவர் நன்றாகத்தான் இருந்தார், குளித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தால் நல்லதுதானே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவ்வளவு அவசரமில்லாத அறிகுறிகளும் இருக்கின்றன, அவைதான் எளிதில் கண்ணுக்குத் தப்புகின்றன. ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதைவிட, முன்பு இருந்ததிலிருந்து எப்படி மாறியிருக்கிறார் என்பதைப் பாருங்கள். எப்போதுமே அதிகம் பேசாதவர் பேசாமல் இருந்தால் கவலை வேண்டாம், தனியாக நிம்மதியாக வாழ்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பளிச்சென்று உடுத்துகிறவர் ஒரே துணியில் நாட்கணக்கில் இருந்தாலோ, சட்டை திடீரென்று தொளதொளவென்று தொங்கினாலோ, கையில் பணம் இருந்தும் மின்கட்டணம் கட்டாமல் விட்டாலோ, பாத்திரமெல்லாம் அடிப்பிடித்துக் கருகிக் கிடந்தாலோ கவனியுங்கள். மருந்துக்கடைக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்: மாதாமாதம் வாங்குபவர் ஏன் வரவில்லை, அல்லது ஒரு மாத மாத்திரையை ஏன் பத்து நாளில் மறுபடி கேட்கிறார் என்று. வங்கியிலும் அப்படித்தான். என்றுமில்லாமல் பெரிய தொகை எடுக்க வருகிறார், போனைக் காதிலிருந்து எடுக்காமல் யாரோ சொல்லச் சொல்லச் செய்கிறார், அல்லது புதிதாக முளைத்த ஒரு 'தெரிந்தவர்' கூடவே நின்று எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்கிறார் என்றால், கவுன்டரில் இருப்பவர் பெரியவரைத் தனியாக உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இப்படி ஐந்து நிமிஷம் தாமதித்தாலே பல மோசடிகள் நின்றுபோகும்.

'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசுகிறார் என்றால் அது வயசு இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடலில் தண்ணீர் குறைந்திருக்கலாம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பல நேரம் சிகிச்சையில் சரியாகிவிடும், ஆனால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ்தான். வயதானால் தாக உணர்வே குறைந்துவிடும் என்பதால் வெயில் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது தனியாக வாழ்ந்தவர்களுக்கும் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது, பக்கத்தில் நண்பர்கள் இருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பது வெறும் மரியாதைக்காக இல்லை.

கூட்டத்துக்கு, விசேஷத்துக்கு வருவதை ஒருவர் நிறுத்திவிட்டால் 'ஒதுங்கிட்டார்' என்று முடிவுகட்டாதீர்கள். காது சரியாகக் கேட்காததால் நாலு பேர் பேசும் இடத்தில் உட்காரவே சங்கடமாக இருக்கலாம். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும், அதை யாரிடமும் சொல்ல மாட்டார், வெளியே போகாமல் இருப்பதே மேல் என்று இருந்துவிடுவார், போதாக்குறைக்குத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் பேச ஆளில்லாத பெரியவர்களும் உண்டு. மறதி நோய் வந்த கணவரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் அம்மாவும் தனிமையில்தான் இருக்கிறார். ஒரு மணி நேரம் நீங்கள் அந்தக் கணவரோடு உட்கார்ந்தால் அந்த அம்மா கொஞ்சம் தூங்குவார்.

எப்படிப் பேசுவது? 'ஏதாவது உதவி வேணுமா?' என்று கேட்டால் 'ஒன்னும் வேணாம்பா' என்றுதான் பதில் வரும். 'நாளைக்கு மருந்துக்கடைக்குப் போறேன், சீட்டைக் கொடுங்க, சேர்த்து வாங்கிட்டு வரேன்' என்று சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் அவரிடம் உதவி கேளுங்கள், அவருக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி, செடி வளர்ப்பதைப் பற்றி. தன்னால் இன்னும் யாருக்கோ பிரயோஜனம் இருக்கிறது என்று தெரிந்தால் கதவு தானாகத் திறக்கும். பணம், ஏடிஎம் கார்டு, ரகசிய எண் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். அவருடைய சொந்தக்காரர் ஒருவரிடமாவது நீங்கள் வந்துபோவதைச் சொல்லிவையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களே கொடுமை செய்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் கவனமாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி 60 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் ஓர் ஆண்டில் ஏதாவது ஒரு வகைக் கொடுமையை அனுபவிக்கிறார், அதனால் இது எங்கேயோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஆனால் நேராகப் போய்ச் சண்டை போட்டால், நீங்கள் கிளம்பிய பிறகு அந்தக் கோபம் பெரியவர் மேல்தான் திரும்பும். அவர் தனியாக இருக்கும்போது பேசுங்கள், பார்த்ததைத் தேதியோடு குறித்துவையுங்கள், உதவி எண்ணிலோ போலீசிலோ சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மற்றபடி தெளிவான மனநிலையில் அவர் வேண்டாம் என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும், அவர் குழந்தை இல்லை. உங்கள் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்