படி வேறு, சம்பளம் வேறு: லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார லாரி உரிமையாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் 24 ஆண்டுகள் நேஷனல் பர்மிட் வண்டி, அதாவது பல மாநிலங்களுக்கும் போக அனுமதி உள்ள லாரி, ஓட்டியவன். முதுகெலும்புத் தேய்மானத்தால் இப்போது வீட்டில் இருக்கிறேன். உங்களில் பலர் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, கடன் வாங்கி முதல் வண்டியை எடுத்தவர்கள். கேபினுக்குள் நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2020-இல் நான் சேர்ந்த இடத்தில் முதலாளி இரண்டு வழி சொன்னார். ஒன்று, மாதச் சம்பளம் 18,000, வண்டி ஓடும் நாளுக்குப் படி 250. மற்றொன்று, சம்பளம் 10,000, படி 600. மாதத்துக்கு 25 நாள் ஓட்டம் என்றால் முதல் வழியில் 24,250, இரண்டாம் வழியில் 25,000. படி உடனுக்குடன் கைக்கு வரும். சம்பளத்துக்கு மாதம் முடியக் காத்திருக்க வேண்டும். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். என்னோடு ஓட்டவிருந்த நண்பர் தயங்கினார். "நாமென்ன பத்து நாள் வீட்டிலா உட்காரப் போகிறோம்?" என்று சொல்லி அவரையும் அதற்கே சம்மதிக்க வைத்தேன்.

உட்காரத்தான் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேலைக்காக வண்டி பட்டறையில் நின்றது. அதற்கு முன் ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் புனேயில் நின்றது. அந்த மாதம் ஓடியது 12 நாள்தான். எனக்கு வந்தது 17,200. முதல் வழியில் இருந்திருந்தால் 21,000 வந்திருக்கும். லோடுக்குக் காத்திருக்கும் நாளிலும் ஓட்டுநருக்குப் பசிக்கிறது, ஆனால் அந்த நாளுக்குப் படி கிடையாது. பொறுத்துக்கொண்டோம்.

பொறுக்க முடியாதது அதன் பிறகு நடந்தது. 2021-இல், நாகபுரியைத் தாண்டி 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், விடியற்காலை மூன்று மணி அளவில், டயரைத் தட்டிப் பார்க்கக் கீழே இறங்கிய நண்பர் மீது பின்னால் வந்த வண்டி மோதியது. நான் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு வயது 40. இரண்டு பெண் குழந்தைகள்.

இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர், பதிவேட்டில் உள்ள 10,000 மட்டுமே ஊதியம் என்றார். படி என்பது வழிச்செலவு, ஊதியம் ஆகாது என்றார். அவர் சட்டத்தைத்தான் படித்தார். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் ஊதிய வரையறை, பயணப்படியையும் வேலையின் தன்மையால் வரும் தனிச்செலவுக்காகத் தரும் தொகையையும் விலக்கி வைத்திருந்தது. படி எவ்வளவு வாங்கினார் என்று சொல்ல என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஒரு நடை (சரக்குப் பயணம்) முடிந்து கணக்குத் தீர்ந்ததும் கணக்குத் தாள் கிழிபடும் என்பது நீங்கள் அறிந்ததே.

இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்குவார்கள். 40 வயதுக்குக் காரணி 184.17. ஊதியம் 10,000 என்றால் 9,20,850 ரூபாய். ஊதியம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அந்த உச்சவரம்பே 2020 ஜனவரியில்தான் 8,000-இலிருந்து உயர்ந்தது. 18,000 சம்பளத்தில் அவர் இருந்திருந்தால் 15,000-க்குக் கணக்கிட்டு 13,81,275 வந்திருக்கும். இடையில் இருப்பது 4,60,425 ரூபாய். மாதம் 750 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று நான் சொன்ன யோசனை அந்தக் குழந்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது அவ்வளவு. மூன்றரை ஆண்டு அலைந்த பிறகு, அந்தப் பெரிய தொகைக்கு வெகு கீழே ஒரு சமரசத்துக்கு அவர் மனைவி கையெழுத்துப் போட்டார். முதலாளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் செய்ததைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள்.

அமெரிக்க நெடுந்தூர ஓட்டுநர்களுக்கும் இதே தேர்வு உண்டு. மைலுக்கு இத்தனை சென்ட் என்று முழுத் தொகையையும் ஊதியமாக வாங்கலாம், அல்லது அதில் ஒரு பங்கைப் படியாகப் பிரித்து வாங்கலாம். 2024 அக்டோபரிலிருந்து ஒரு நாளுக்கு 80 டாலர் வரை அங்குள்ள வரித்துறை படியாக ஏற்கிறது. அதற்கு வரி இல்லை. பதிலுக்கு, படியாகப் போன பணம் முதுமைக்கான சமூகப் பாதுகாப்புக் கணக்கில் சேராது. அங்கே ஓட்டுநருக்கு வரியாவது மிச்சமாகிறது. ஆண்டுக்கு மூன்று லட்சம் வாங்கும் நம் ஓட்டுநருக்கு வருமான வரியே கிடையாது. அப்படியானால் சம்பளத்தைக் குறைத்துப் படியை ஏற்றுவதால் இங்கே அவருக்கு என்ன லாபம்? எனக்கு ஒன்றும் தென்படவில்லை. போனஸ், பணிக்கொடை, 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனமானால் 12 சதவீத வைப்பு நிதி என எல்லாம் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளரும் அதைத்தான் பார்க்கிறார்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒரு நல்ல விதி இருக்கிறது. ஊதியத்தில் சேராமல் விலக்கப்படும் படி முதலான தொகைகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். என் கணக்கில் 25,000-இல் படி 15,000, பாதி 12,500, ஆகவே ஊதியம் 12,500 ஆகும். வரவேற்கிறேன். ஆனால் படி எழுத்திலேயே இல்லாதபோது எதன் பாதியைக் கணக்கிடுவது?

படியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டுநர் வழியில் குளிக்கக் காசு கொடுக்கிறார், கழிப்பறைக்குக் கொடுக்கிறார், வண்டி நிறுத்தக் கொடுக்கிறார். ஆந்திரா தாண்டினால் நம் சாப்பாடு கிடைப்பது அரிது. அதனால்தான் வண்டிப் பெட்டியில் ஸ்டவ்வும் அரிசியும் புளியும் ஏற்றிக்கொண்டு போகிறோம். அந்தச் செலவுக்கு உரியது படி. அதையே கூலியாகவும் ஆக்கிவிட்டால், ஓட்டுநர் தன் வயிற்றைக் கட்டி வீட்டுக்கு மிச்சம் பிடிக்கிறார். நடைக்கு இவ்வளவு என்று படி பேசும் இடங்களில் தூக்கத்தையும் கட்டுகிறார். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. நடைப்படிக்கு ஓடுகிறவருக்கு அந்த அரைமணி நட்டம். 2018-இல் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் கட்டாயம் என்ற விதியும் நீக்கப்பட்டபின், மாற்றி ஓட்ட ஆள் இல்லாத வண்டிகளே அதிகம் கண்ணில் படுகின்றன.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். டீசல், சுங்கம், டயர், மாதத் தவணை எல்லாம் போக ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு என்ன மிஞ்சும் என்று நானும் கணக்குப் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது கூடுதல் பணம் அல்ல. கொடுக்கிற அதே 25,000-ஐ எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

சங்கக் கூட்டத்தில் மூன்று காரியங்களை முடிவு செய்யுங்கள். உண்மையான வழிச்செலவு எவ்வளவோ அதை மட்டும் படியாக வைத்து, மீதியைச் சம்பளத்தில் சேருங்கள். அந்தச் சம்பளம் அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது, படியைக் காட்டி அதை ஈடுகட்டவும் கூடாது. வண்டி ஓடினாலும் லோடுக்கு நின்றாலும், ஓட்டுநர் வெளியூரில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் படி கொடுங்கள். இரண்டையும் தனித்தனியே எழுதி, கையெழுத்திட்ட தாளை மாதந்தோறும் அவரிடம் கொடுங்கள்.

புதிதாகச் சேரும் ஓட்டுநரிடம் இரண்டு வழியைச் சொல்லும் வழக்கம் தொடரத்தான் செய்யும். அப்போது மேலே நான் போட்ட இழப்பீட்டுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, அதை அவர் மனைவிக்கும் காட்டிவிட்டு, மறுநாள் பதில் கேளுங்கள். அந்தத் தாளை எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவன்,
பரமத்தி வேலூர்