பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறவர்கள் ஷ்ரூஸ்பரிக்கும் போய் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். டவர் பாலம், பக்கிங்ஹாம் அரண்மனை, தேம்ஸ் கரை ராட்டினம் எல்லாம் இருந்தது. ஆனால் மகன் வீடு, மகள் வீடு என்று போகிற என்னைப் போன்ற பெற்றோர்களில் பலர் தங்குவது லண்டனில் இல்லை. பர்மிங்காம், வுல்வர்ஹாம்ப்டன் பக்கம்தான். பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதுதான் வேலை. அவர்களுக்காக ஷ்ரூஸ்பரி என்ற ஊரைப் பற்றி எழுதுகிறேன். பர்மிங்காமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து இன்னும் குறைவு. ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்துக்காரர்கள் இந்த ஊரைப் பார்க்காமல் திரும்பவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செவர்ன் ஆறு அந்த ஊரை மாலை போட்டதுபோல் சுற்றி ஓடுகிறது. மாலையின் இரண்டு முனையும் கிட்டத்தட்டச் சேருகிற இடத்தில் சிவப்புக் கல்லில் ஒரு கோட்டை. ரயிலை விட்டு இறங்கியதும் தலைக்கு மேல் தெரிவது அதுதான். கோட்டைக்கு எதிரே உள்ள நூலகம் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம். சார்லஸ் டார்வின் படித்தது அங்கேதான். 1809இல் இதே ஊரில் பிறந்தவர். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் அவருக்கு வெண்கலச் சிலை, 1897இல் வைத்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1894இல், புயலில் செயின்ட் மேரி தேவாலயத்தின் ஊசிக்கோபுர உச்சி இடிந்து விழுந்தது. டார்வினுக்கு நினைவுச்சின்னம் வைக்கப் பேசுகிறீர்களே, அதற்கு வந்த தெய்வக் கோபம் இது என்றாராம் அன்றைய பாதிரியார். கோபுரத்தையும் பழுது பார்த்துக் கட்டினார்கள், சிலையையும் வைத்தார்கள். இரண்டும் சில நிமிட நடையில் இருக்கின்றன.

அந்தத் தேவாலயத்துக்குள் அவசியம் போங்கள். கிழக்குச் சுவரில் பதினான்காம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. இயேசுவின் முன்னோர்களை ஒரு கொடியில் பூத்தவர்கள்போல் வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள். வெயில் எட்டிப் பார்க்கும்வரை பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருங்கள். சட்டென்று நீலமும் சிவப்பும் தரையில் இறங்கும். வாசல் பக்கத்துச் சுவரில் ராபர்ட் கேட்மன் என்பவருக்கு ஒரு கல்வெட்டு. 1739இல் இந்தக் கோபுரத்திலிருந்து ஆற்றைத் தாண்டிக் கயிறு கட்டிச் சறுக்கிக் காட்டியவர், கயிறு அறுந்து இறந்துபோனார். கழைக்கூத்தாடியின் சாவைக் கோயில் வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அங்கிருந்து புட்சர் ரோ, ஃபிஷ் ஸ்ட்ரீட் வழியாக இறங்கினால் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக வீடுகள். மாடிகள் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகளும் நிறைய உண்டு. இந்தச் செல்வமெல்லாம் கம்பளித் துணி வியாபாரத்தில் வந்தது. வேல்ஸ் மலைப்பக்கத்தில் நெய்த துணியை வாங்கி விற்ற வணிகர்கள் கட்டிய வீடுகள் அவை. சதுக்கத்தில் நிற்கும் பழைய சந்தைக் கட்டடம் 1596இல் கட்டியது. அதன் தூண் ஒன்றில் வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், கிட்டே போய்ப் பாருங்கள். விற்ற கம்பளிக்குக் கணக்கு வைத்த இடமாம் அது. விரல் வைத்துப் பார்த்தேன், ஓரமெல்லாம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

அதே சதுக்கத்தில்தான், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்த ராபர்ட் கிளைவின் சிலை நிற்கிறது. 1860இல் நிறுவியது. கிளைவ் இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர், 1762இல் மேயரும்கூட. ஆற்காட்டில் பிறந்து, சமூக அறிவியல் ஆசிரியையாக வருடா வருடம் கரும்பலகையில் ‘ஆற்காடு முற்றுகை, 1751’ என்று எழுதியவள் நான். சிலையின் முன்னால் நெடுநேரம் நின்றேன். ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்த கிளைவின் படையில் வெள்ளையர் சுமார் 200 பேர், நம் நாட்டுச் சிப்பாய்கள் சுமார் 300 பேர். ஐம்பது நாள் முற்றுகையில் அரிசி குறைந்தபோது, சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைச் சிப்பாய்கள் குடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த 300 பேரில் ஒருவர் பெயராவது எந்தக் கல்லிலாவது இருக்கிறதா?

2020இல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் மனு கொடுத்தார்கள். எடுப்பதில்லை என்று அங்குள்ள கவுன்சில் முடிவு செய்தது. என்னைக் கேட்டால் சிலை இருக்கட்டும், ஆனால் முழுக் கதையோடு இருக்கட்டும். 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையை கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். ஐந்து வருடத்தில் அங்கே வந்த பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு. நம்மவர்கள் அங்கே போனால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், கூட வருகிற பேரப்பிள்ளைகளுக்கு ஆற்காட்டுக் கதையைச் சொல்லுங்கள். அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே உள்ளரங்கச் சந்தை இருக்கிறது. மணிக்கூண்டை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். காய்கறி, சீஸ், பழைய புத்தகம் எல்லாம் கிடைக்கும், சைவச் சாப்பாட்டுக்கும் கஷ்டம் இல்லை. ஆற்றோரம் குவாரி பூங்கா, நடுவில் பள்ளத்தில் டிங்கிள் என்ற பூந்தோட்டம். முட்டி வலி உள்ளவர்கள் அங்கே உட்கார்ந்துகொள்ளலாம்.

நடக்க முடிந்தவர்கள் ஆங்கிலப் பாலத்தைத் தாண்டி 1083இல் தொடங்கிய மடாலயத்துக்குப் போங்கள். அதன் வளாகத்தில் முதல் உலகப்போர்க் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் உள்ளது. அவர் குடும்பம் வசித்தது ஷ்ரூஸ்பரியில்தான். போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4இல், போர்முனையில் இறந்தார். தந்தி வீட்டுக்கு வந்தது நவம்பர் 11ஆம் தேதி. போர் முடிந்தது என்று ஊரெல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்த நேரம். கடைசியாக விடைபெற்றபோது மகன் தாகூரின் வரிகளைத்தான் சொன்னான் என்று அந்தத் தாய் 1920இல் தாகூருக்கே கடிதம் எழுதினார். பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பியவர்கள் யாரும் அந்த இடத்தை லேசாகக் கடந்துவிட முடியாது.

பொறியியல் படித்த பிள்ளைகள் உடன் வந்தால் ஊருக்கு வடக்கே உள்ள ஃப்ளாக்ஸ்மில் ஆலையைக் காட்டுங்கள். உலகில் முதன்முதலாக இரும்புச் சட்டத்தின்மேல் கட்டிய கட்டடம், 1797. மர உத்தரங்கள் தீப்பிடித்து நூல் ஆலைகள் எரிந்துபோனதால் சார்ல்ஸ் பேஜ் என்பவர் இரும்புத் தூண், இரும்பு உத்தரம் என்று மாற்றிக் கட்டினார். இன்றைய வானளாவிகளுக்கெல்லாம் மூதாதை என்கிறார்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் ஷ்ரூஸ்பரியிலிருந்து வெல்ஷ்பூலுக்கு ரயில் ஏறுங்கள், அரை மணிகூட ஆகாது. அங்கே பவிஸ் கோட்டையில் கிளைவ் குடும்பம் சேர்த்த இந்தியப் பொருட்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. திப்பு சுல்தானின் பூவேலைக் கூடாரம், அவர் சிம்மாசனத்துப் புலித்தலை எல்லாம் அங்கேதான். 1799இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தபோது சென்னையில் ஆளுநராக இருந்தவர் கிளைவின் மகன் எட்வர்ட். அந்தக் கூடாரத்தின் சிவப்புப் பூக்கள் இன்னும் மங்கவில்லை. பார்த்துவிட்டு எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிறும் எரிந்தது. கட்டணம் உண்டு. திறந்திருக்கும் நேரத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐயா, தங்கள் இணைப்பில் ஷ்ரூஸ்பரியையும் ஆற்காட்டையும் சேர்த்து ஒரு பக்கம் வெளியிட வேண்டுகிறேன். கிளைவ் தங்கிய அறை இருக்கிறதென்று நாங்கள் காட்டுகிற டெல்லி கேட் என்ற பழைய கோட்டை வாசல் இன்றும் பாலாற்றங்கரையில் நிற்கிறது. படம் வேண்டுமென்றால் நானே எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆற்காடு.