தனிச் சொல்லை மனப்பாடம் செய்யாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு நாள்தோறும் புதுச் சொற்களை மனப்பாடம் செய்து வருவதாகவும், இன்னும் எத்தனை சொற்கள் தெரிந்தால் இங்கிலாந்துக்கு வந்து தடுமாறாமல் பேச முடியும் என்றும் கேட்டிருந்தாய். மருத்துவமனையில் செவிலியராக நாள் முழுதும் ஆங்கிலத்தின் நடுவிலேயே வாழ்ந்து வரும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உன்னிடம் இருக்கும் சொற்களே இப்போதைக்குப் போதும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை இனிப் படி.

இரவுப் பணி முடியும் வேளையில், அடுத்து வரும் செவிலியர்களிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைப்போம். அதற்கு ஹேண்டோவர் என்று பெயர். நோயாளி தொந்தரவின்றி உறங்கினார் என்பதை 'ஹேட் எ செட்டில்டு நைட்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். குத்தும் வலி 'ஷார்ப் பெய்ன்', மந்தமாக விடாமல் இருக்கும் வலி 'டல் ஏக்', மேலோட்டமான மூச்சு 'ஷாலோ ப்ரீதிங்', மிகுதியான இரத்தப்போக்கு 'ஹெவி ப்ளீடிங்'. நோயாளி தனக்கு வலிக்கிறது என்றால் 'கம்ப்ளெய்ன் ஆஃப் பெய்ன்'. அவரே பக்கத்தில் ஒரே சத்தம் என்று குறைப்பட்டால் 'கம்ப்ளெய்ன் அபௌட் த நாய்ஸ்'. இவற்றில் உனக்குப் பொருள் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனி. ஆனாலும் நீயாக யோசித்திருந்தால் மூச்சுக்கு 'ஷாலோ' வந்திருக்குமா என்பது ஐயமே.

இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. பள்ளியில் ஒலி மரபு, வினை மரபு என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும்; கூடை முடைவார்கள், கூரை வேய்வார்கள், சுவர் எழுப்புவார்கள். 'கூரை முடைந்தான்' என்று எழுதினால் இலக்கணப்படி எழுவாயும் பயனிலையும் சரியாகவே இருக்கும். ஆனால் ஆசிரியர் மரபு வழு என்று சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஏன் என்று கேட்டால், சான்றோர் எப்பொருளை எச்சொல்லால் எவ்வாறு சொன்னார்களோ அவ்வாறே சொல்வது மரபு என்ற நன்னூல் விதியைத்தான் காட்டுவார். அதற்கு மேல் காரணம் கிடையாது. ஆங்கிலத்திலும் கிடையாது. மழை கனமாக இருந்தால் 'ஹெவி', காற்று பலமாக இருந்தால் 'ஸ்ட்ராங்'. மாற்றிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், திருத்தவும் மாட்டார்கள். ஆனால் கேட்பவர் ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கம் பேச்சு முழுவதும் சேர்ந்துகொண்டே போகும்போதுதான், சரளமாகப் பேசவில்லை என்ற எண்ணம் உண்டாகிறது. நம் உச்சரிப்பைக் குறை சொல்வது எளிது. பெரும்பாலும் குற்றம் அங்கே இல்லை.

நம்மவர் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்தால், பாதிக்கு மேல் 'போடு' என்ற ஒரு வினையில் வந்து நிற்கிறது. கையெழுத்துப் போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், திட்டம் போடுகிறோம், விளக்கைப் போடுகிறோம், மாத்திரை போடுகிறோம், லீவும் போடுகிறோம். இத்தனையையும் 'புட்' என்ற ஒரே சொல்லால் கடக்கப் பார்ப்பதால்தான் 'ஐ புட் லீவ்' என்ற வாக்கியம் பிறக்கிறது. ஆங்கிலத்தில் லீவையும் மாத்திரையையும் 'டேக்' செய்கிறார்கள், திட்டத்தை 'மேக்' செய்கிறார்கள், விளக்கை 'டர்ன் ஆன்' செய்கிறார்கள். சண்டைக்கு 'ஹேவ்' போதும். முடிவுக்கு 'மேக் எ டிசிஷன்' என்பதே எங்கும் செல்லும். இங்கே சிலர் 'டேக் எ டிசிஷன்' என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதனால் அதைப் பிழை என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதே.

காலத்தைக் குறிக்கும் இணைகள் இன்னும் வேடிக்கையானவை. 'டுமாரோ மார்னிங்' சரி, 'யெஸ்டர்டே மார்னிங்' சரி. ஆனால் இன்று காலைக்கு 'டுடே மார்னிங்' சொல்லக்கூடாது, 'திஸ் மார்னிங்'தான். நேற்று இரவு 'லாஸ்ட் நைட்' ஆகிவிடுகிறது. இதை விதியாக்கிப் படிக்க முயன்றால் தலைவலிதான் மிஞ்சும். முழுத் தொடராகவே வாயில் ஏற்றிக்கொள்வது நல்லது. 'பாஸ் அவுட்' என்பதையும் மறந்துவிடாதே. நம்மிடம் அது கல்லூரிப் படிப்பை முடிப்பது. இங்கே மயங்கி விழுவது. எங்கள் வார்டில் அதைச் சொன்னால் ஓடி வருவார்கள்!

இந்த இணைகளை முதலில் முறையாகத் திரட்டியவர்கள், பிறமொழிக்காரருக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள். ஜப்பானில் பணியாற்றிய ஹெரால்ட் பால்மர் 1933இல் இத்தகைய சொற்சேர்க்கைகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு உழைத்த ஹார்ன்பி, கற்பவர்களுக்கென்றே உருவாக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. பின்னர் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை ஏற்று வெளியிட்டது. சொல்லை அதன் கூட்டாளிகளால் அறியலாம் என்ற கருத்தை 1957இல் எழுதிய மொழியியலாளர் ஃபிர்த், இளம் வயதில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தாய்மொழியாகப் பேசுபவருக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. வெளியிலிருந்து வருபவர் தடுக்கி விழும்போதுதான் அங்கே கல் இருப்பது தெரிகிறது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, பக்கத்துக்கு ஒரு பெயர்ச்சொல் என்று எழுது. வினைச்சொல்லைத் தலைப்பாக்காதே, ஏனென்றால் பேசும்போது நமக்கு முதலில் தோன்றுவது பெயர்ச்சொல்தான்; அதற்கேற்ற வினையைத்தான் தேடித் தவிக்கிறோம். 'டெட்லைன்' என்று எழுதினால் அதனடியில் 'மீட்', 'மிஸ்', 'எக்ஸ்டெண்ட்', 'டைட்' என்று கூட்டாளிகளைச் சேர். கூடவே உன் வேலையிலிருந்து ஒரு முழு வாக்கியமும் எழுது. 'மேக்' எடுப்பவை இவை, 'டூ' எடுப்பவை இவை என்று நீண்ட பட்டியல்களை அருகருகே வைத்துப் படிக்காதே. இரண்டும் கலந்துபோய் எது எதற்கு என்ற குழப்பமே மிஞ்சும். அகராதியைப் பார்க்கும்போதும் பொருளோடு நிறுத்திவிடாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படி, ஏனென்றால் சில சொற்களின் குணமே அங்குதான் வெளிப்படும். 'காஸ்' என்ற வினையைப் பார். உண்டாக்குதல் என்பது பொருள். ஆனால் அதன் பின்னால் வருபவை பெரும்பாலும் சேதம், வலி, சிக்கல், தாமதம் போன்றவையே. உதவி, ஆதரவு முதலியவற்றுக்கு 'ப்ரொவைட்' வேண்டும்.

நாயும் பூனையுமாக மழை கொட்டியது என்பது போன்ற அலங்காரத் தொடர்களில் நேரத்தைச் செலவிடாதே. பாடநூல்களுக்கு அவற்றின்மேல் உள்ள பாசம் இங்கே பேசுபவர்களுக்கு இல்லை. 'ஹைலி அன்லைக்லி', 'டீப்லி கன்சர்ன்ட்', 'ஸ்ட்ராங்லி அட்வைஸ்' ஆகிய மூன்றும் உன் நாவில் தானாக வருமானால், எல்லாவற்றுக்கும் 'வெரி' போடும் வழக்கம் தானே விலகும். தேர்விலும் இது வீணாகாது: பேச்சுத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம், அதில் 7ஆம் நிலைக்கான விளக்கத்திலேயே சொற்சேர்க்கை பற்றிய உணர்வு குறிப்பிடப்பட்டிருக்கிறது.

இந்த வாரம் உன் வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் தடையின்றிப் பேசி, கைபேசியில் பதிவு செய்து அனுப்பு. எந்தெந்த இடத்தில் இணை பிசகியிருக்கிறது என்று குறித்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மா, அப்பா இருவருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அக்கா