கரம் வீரர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த வார இறுதியில் உவர்மலையில் எமது கழகம் நடத்திய கரம் சுற்றுப்போட்டிக்கு, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் முன்னெப்போதும் இல்லாத அளவில் போட்டியாளர்கள் திரண்டு வந்தமை பெருமகிழ்ச்சி தருகிறது. 25 புள்ளிகள் அல்லது 8 போர்ட் (சுற்று) என்ற சர்வதேச விதிப்படியே ஆட்டங்கள் நடந்தன. பாடசாலை மாணவி ஒருவர் சிவப்புக் காயை அழகாக விழுத்தியும், தொடர்ந்து தமது காயொன்றை விழுத்தத் தவறியதால் அது மீண்டும் நடுவட்டத்துக்கே வந்துவிட, முகம் வாடாமல் அடுத்த அடிக்குத் தயாரான விதம் மண்டபத்தையே கைதட்ட வைத்தது.

கரம் பலகையில் தூவும் மாவு பறக்கும் என்பதால் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, வெக்கையில் வியர்த்து வழிய இரண்டு நாளும் ஆடியவர்கள் இவர்கள். கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் மைதானங்கள் உள்ள இந்நகரில், காற்றோட்டமும் நல்ல வெளிச்சமும் கொண்ட உள்ளக விளையாட்டு மண்டபமொன்றைக் கரம், சதுரங்க வீரர்களின் வாராந்தப் பயிற்சிக்கு ஒதுக்கித் தருமாறு அதிகாரிகளை வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகையும் இப்போட்டிகளின் முடிவுகளை விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட்டு உதவ வேண்டும்.

இங்ஙனம்,
கழக உறுப்பினர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.