காட்டுக் காற்றும் கெடுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சரணாலய வேலி வேட்டைக்காரரைத் தடுக்கும். புகை அதைப் பொருட்படுத்துவதில்லை. அமெரிக்காவின் செக்கோயா தேசியப் பூங்காவில் ஆலைகள் கிடையாது. ஆனாலும் கோடையில் அங்கே, தரைக்கருகே இருந்தால் மூச்சைக் கெடுக்கும் ஓசோன் வாயுவின் அளவு உடல்நல வரம்பைத் தாண்டுகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கின் வாகனப் புகை மலையேறி வர, வெயில் அதை ஓசோனாக மாற்றுகிறது. புவி சூடாகச் சூடாக இது வேகமெடுக்கும். பல மரங்கள் வெப்பம் கூடினால் ஐசோப்ரீன் வாயுவை அதிகம் வெளியிட்டு, தம் இலைகளையே கருக்கும் ஓசோனுக்குத் தாமே தீனி போடுகின்றன (பாவம், அவற்றுக்கு என்ன தெரியும்!). போதாக்குறைக்குக் காட்டுத்தீ. 2021-இல் அதே பூங்காவில் பழம்பெரும் மரங்கள் பல எரிந்தன.

விலங்குகளை எண்ணிக் கணக்கெடுக்கும் வனத்துறைகள் எல்லாக் காப்புக்காடுகளிலும் காற்றையும் அளந்து, நுழைவாயிலிலேயே அறிவிக்க வேண்டும்.

– ஒரு வாசகர்