சூரிய மின் டிசைன் மென்பொருளை எதைப் பார்த்து வாங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சூரிய மின் அமைப்பு நிறுவும் தொழிலைப் பற்றி உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நல்ல டிசைன் மென்பொருள் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. சரிதான். ஆனால் எது நல்லது, அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதை அந்த வரி சொல்லவில்லை. வீட்டுக் கூரைகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் அமைப்புகளை வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

மென்பொருள் விற்க வருகிறவர் முதலில் காட்டுவது படம். செயற்கைக்கோள் படத்தில் வீட்டைத் தேடி எடுப்பார், கூரையைச் சுற்றிக் கோடு போடுவார், ஒரு சொடுக்கில் பேனல்கள் வரிசையாக வந்து உட்காரும். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே நகர, நிழலும் கூடவே நகரும். ஐந்து நிமிடத்தில் வாடிக்கையாளரின் பெயர் போட்ட அழகான கொட்டேஷன் வந்துவிடும். முதலாளிகள் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். விற்பனைக்கு அது உதவத்தான் செய்கிறது. ஆனால் படத்துக்குக் கீழே ஒரு எண் இருக்கிறது: ஆண்டுக்கு இத்தனை யூனிட் கிடைக்கும் என்கிற எண். அதை நம்பித்தான் வாடிக்கையாளர் கடன் வாங்குகிறார், எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்குப் போடுகிறார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று திறந்து பார்க்க விடாத மென்பொருளை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

ஒரே கூரையை இரண்டு மென்பொருள்களில் வரைந்து பார்த்தேன். 5 கிலோவாட் அமைப்பு, அதே பேனல், அதே இன்வெர்ட்டர் (பேனலின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும் கருவி). ஒன்று ஆண்டுக்கு 7,600 யூனிட் என்றது, மற்றது 6,900 என்றது. ஒன்பது சதவீத வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துத் தேடினேன். முதலில் கண்ணில் பட்டது கைப்பிடிச் சுவர். மேலிருந்து எடுத்த படத்தில் சுவரின் உயரம் தெரியாது. லேசர் அளவீட்டில் கிடைக்கும் முப்பரிமாணத் தரவு இருக்கிற ஊர்களில் மென்பொருளே உயரத்தை எடுத்துக்கொள்ளும், இல்லாத ஊர்களில் நாம்தான் கொடுக்க வேண்டும். அதிக யூனிட் காட்டிய மென்பொருள், உயரம் கொடுக்காத எதையும் தரையோடு தரையாக எடுத்துக்கொண்டது. மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்கு வெறும் கோடுகள்தான். இப்படி விடுபட்டிருக்கிறது என்று ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. மற்றதோ, உயரம் கொடுக்காமல் அடுத்த படிக்கே போக விடவில்லை.

இரண்டாவது காரணம் வானிலைத் தரவு. இரண்டும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வெயில் அளவை எடுத்திருந்தன. பல ஆண்டுத் தரவிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் இயல்பான ஒன்றைப் பொறுக்கித் தைத்த 'மாதிரி ஆண்டு' ஒன்றில் இருந்தது. மற்றதில் எந்த ஆண்டுகளின் சராசரி என்பதே எழுதப்படவில்லை. சுவர், தொட்டி உயரங்களை டேப் வைத்து அளந்து கொடுத்து, ஒரே வானிலைக் கோப்பை இரண்டிலும் ஏற்றினேன். வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் வந்துவிட்டது. இரண்டுக்கும் கணக்கு தெரியும். கணக்குக்குள் என்ன போகிறது என்பதைக் காட்டுவதில்தான் வேறுபாடு.

இழப்புக் கணக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் உருவாக்கிய பிவிவாட்ஸ் என்ற யூனிட் கணக்கிடும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்தால் இழப்பு என்ற கட்டத்தில் 14 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏற்கெனவே எழுதியிருக்கும். உள்ளே போனால் பிரித்துக் காட்டும்: தூசிக்கு 2, நிழலுக்கு 3, பேனலுக்குப் பேனல் உள்ள பொருத்தமின்மைக்கு 2, வயரிங்குக்கு 2, இணைப்புகளுக்கு அரை, புதுப் பேனலில் வெயில் பட்டதும் ஏற்படும் குறைவுக்கு ஒன்றரை, பேனலில் எழுதியிருக்கும் திறனுக்கும் உண்மைத் திறனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 1, அமைப்பு ஓடாமல் நிற்கும் நேரத்துக்கு 3. கூட்டினால் 15 வரும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்குவதால் 14.08 ஆகிறது. வயதால் வரும் தேய்மானத்துக்கு அங்கே பூஜ்யம் போட்டிருக்கும், ஆகவே அது தேயாத புது அமைப்பின் கணக்கு. வெப்பத்தால் குறைவதும் இன்வெர்ட்டரில் போவதும் இந்த 14-இல் சேராது, தனியாகக் கணக்கிடப்படும். இவ்வளவும் வெளிப்படையாக இருப்பதால் ஒவ்வொன்றையும் நம் கூரைக்கு ஏற்றபடி மாற்றலாம். தூசி அதிகம் படிகிற இடத்துக்கு 2 போதாது. சுற்றிலும் எதுவுமே இல்லாத கூரைக்கு நிழல் 3 தேவையில்லை.

விலை கொடுத்து வாங்குகிற சில மென்பொருள்களிலோ 'மொத்த இழப்பு' என்று ஒரே எண்தான் வரும். அதற்குள் வெப்பம் அடங்குமா, நிழல் இரண்டு முறை கழிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் டெமோ கொடுத்தவருக்கே தெரிவதில்லை. வெப்பத்தின் பங்கு லேசானது இல்லை. பேனலின் திறன் 25 டிகிரியில் அளந்து எழுதப்பட்டது. கடும் வெயிலில் செல்லின் வெப்பநிலை 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் பேனல் என்றால் அந்த நேரத்தில் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், வாடிக்கையாளர் முதல் கோடையிலேயே தொலைபேசியில் கூப்பிடுவார்.

நிழல் கணக்கைச் சோதிக்க நான் எப்போதும் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன், யாரும் செய்து பார்க்கலாம். செல்களைப் பாதியாக வெட்டாத சாதாரணப் பேனல் ஒன்றை நிறுத்தினாற்போல, அதாவது நீளப் பக்கம் மேல்கீழாக இருக்கும்படி வைத்து, அதன் அடி வரிசைச் செல்கள்மீது மட்டும் நிழல் விழும்படி முன்னால் ஒரு சிறிய சுவரை வரையுங்கள். யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே பேனலை நீளப் பக்கம் இடவலமாக இருக்கும்படி படுக்கவைத்து அதே நிழலைக் கொடுங்கள். இத்தகைய பேனலில் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் (நிழல் பட்ட பகுதியைத் தவிர்த்து மின்சாரத்தைத் திருப்பிவிடும் உறுப்புகள்) இருக்கும், ஒவ்வொன்றும் நீளவாக்கில் ஓடும் மூன்றில் ஒரு பங்குச் செல்களைக் கவனிக்கும். நிறுத்தி வைத்தால் அடி வரிசை நிழல் மூன்று பங்கையும் பிடிக்கும், பேனலின் உற்பத்தி பெருமளவு விழுந்துவிடும். படுக்கவைத்தால் ஒரு பங்கு மட்டும் போகும். நிறுத்தி வைத்த பேனலில் நிழல் விழுந்த பரப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் இழப்பு அவ்வளவு. இரண்டு நிலைக்கும் மென்பொருள் ஏறக்குறைய ஒரே யூனிட்டைக் காட்டினால், அது நிழலின் பரப்பைத்தான் கழிக்கிறது, மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. தடையே இல்லாத வயல்வெளிக்கு அது போதும். தொட்டியும் சுவரும் மரமும் நெருங்கி நிற்கிற வீட்டுக் கூரைக்குப் போதாது.

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேனல் குளிர்ந்தால் அதன் மின்னழுத்தம் ஏறும். திறந்த சுற்றில், அதாவது எதனோடும் இணைக்காதபோது, 25 டிகிரியில் 49.5 வோல்ட் என்று எழுதிய பேனல் 12-ஐத் தொடராக இணைத்தால் 594 வோல்ட் வரும். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 600 என்றால் காகிதத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் விடியற்காலையில் வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கினால், டிகிரிக்கு 0.27 சதவீதம் ஏறும் பேனலில் அது 618 வோல்ட் ஆகும். இன்வெர்ட்டர் போய்விடலாம், உத்தரவாதமும் போய்விடும். ஒரு பேனலைக் குறைத்து 11 ஆக்கினால் 567-க்குள் நிற்கும். நல்ல மென்பொருள் அந்த இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் கேட்கும், 12 என்று போட்டால் சிவப்பில் காட்டித் தடுக்கும். டெமோவில் வேண்டுமென்றே இப்படி வரம்பை மீறிய ஒரு ஸ்ட்ரிங்கை (தொடராக இணைத்த பேனல் வரிசையை) போட்டுப் பாருங்கள். கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டால், அந்த மென்பொருளைக் கொட்டேஷன் அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், டிசைனுக்கு வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே மென்பொருள் பொருந்தாது. பெரிய திட்டங்களுக்கு வங்கிகள் கேட்பது பெரும்பாலும் பிவிசிஸ்ட் அறிக்கை. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே மெர்முத் தொடங்கிவைத்த மென்பொருள் அது. இழப்பை ஒவ்வொரு படியாக அம்புக்குறி படத்தில் காட்டுவதுதான் அதன் பலம். பழக நாளாகும், அழகான கொட்டேஷன் அதிலிருந்து வராது. வீட்டுக் கூரை வேலைக்கு அரோரா, ஹீலியோஸ்கோப், ஓப்பன்சோலார், பிவிசோல் போன்றவை வேகமானவை. இவற்றில் ஹீலியோஸ்கோப் 2021-இல் அரோராவின் கைக்குப் போய்விட்டது. இப்படிக் கை மாறும்போது கட்டணமும் மாறலாம், வசதிகளும் மாறலாம். ஆகவே மாதச் சந்தாவில் தொடங்குங்கள், ஓராண்டுச் சந்தாவில் தள்ளுபடி என்றால் உடனே மயங்க வேண்டாம்.

நாங்கள் ஒருகாலத்தில் சந்தா கட்டிய ஒரு மென்பொருளை நிறுத்த முடிவு செய்தபோது, பழைய டிசைன்களைப் பிடிஎஃப் ஆக மட்டும்தான் எடுக்க முடியும் என்றார்கள். பேனல் எந்த இடத்தில், எந்த ஸ்ட்ரிங் எங்கே என்ற தகவல் எதுவும் வெளியே வரவில்லை. பராமரிப்புக்குப் போகிற ஆட்கள் படத்தைப் பார்த்து மறுபடியும் வரைய வேண்டியதாயிற்று. பேனல் இருபத்தைந்து வருடம் கூரையில் இருக்கும் என்று விற்கிறோம். அதன் வரைபடம் சந்தா முடிகிற நாளோடு பூட்டிக்கொள்ளக் கூடாது. கேட் (CAD) எனப்படும், திருத்தக்கூடிய வரைபடக் கோப்பாக எடுக்க முடியுமா, பொருள் பட்டியலை அட்டவணையாக எடுக்க முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே செய்து பார்த்துவிடுங்கள்.

தொடங்குகிறவர்களிடம் பணம் இல்லை என்றால் அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டியதில்லை. பிவிவாட்ஸ் இருக்கிறது. அதே ஆய்வகம் உருவாக்கிய சாம் (SAM) என்ற மென்பொருளும் இலவசம், அதன் நிரலையே யாரும் பார்க்கலாம். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் நடத்தும் பிவிஜிஐஎஸ் ஐரோப்பா தாண்டிப் பல கண்டங்களுக்கு வெயில் தரவு தருகிறது. இவை கொட்டேஷன் அடித்துத் தரமாட்டா. ஆனால் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் சொல்லும் எண்ணை உரசிப் பார்க்க இவையே உரைகல்.

அதைவிட நல்ல சோதனை உங்கள் கையிலேயே இருக்கிறது. ஏற்கெனவே நிறுவி ஒரு வருடம் ஓடிய அமைப்புகளில் இன்வெர்ட்டர் பதிவு முழுதாகக் கிடைக்கிறவற்றை எடுங்கள். நிழல் இல்லாதது ஒன்று, நிழல் நன்றாக விழுவது ஒன்று இருந்தாலே போதும். டெமோ காலத்தில் அவற்றைப் புது மென்பொருளில் வரைந்து மாதவாரியாக ஒப்பிடுங்கள். மொத்தம் ஒத்துப்போனால் போதாது. குளிர்கால மாதங்களில் கூடவும் கோடையில் குறையவும் காட்டினால், இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்து ஆண்டுக் கணக்கைச் சரியாக்கியிருக்கும். ஒரு வருட வெயில் சராசரியிலிருந்து சில சதவீதம் விலகுவது இயல்பு, அதற்கு இடம் விடுங்கள். இந்தச் சோதனையை உட்கார்ந்து செய்ய வேண்டியவர் அன்றாடம் அந்தத் திரைமுன் வேலை செய்யப்போகிறவர். முதலாளி தனியாக முடிவெடுத்துவிட்டு, "இனிமேல் இதில்தான் வரையணும்" என்று சொல்வதால்தான் பாதி நிறுவனங்களில் சந்தா ஒரு பக்கம் ஓட, வேலை பழைய எக்செல் அட்டவணையில் நடக்கிறது.

வாடிக்கையாளர் ஆண்டுதோறும் எவ்வளவு மிச்சப்படுத்துவார் என்று கொட்டேஷனில் காட்டும் சேமிப்பு அட்டவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேனல் ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் தேய்கிறது. மின்கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதோ வெறும் ஊகம். இந்த இரண்டு கட்டங்களிலும் மென்பொருள் தானாக என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் கொட்டேஷனை அனுப்பவே கூடாது. தேய்மானம் பூஜ்யம், கட்டண உயர்வு தாராளம் என்று விட்டுவிட்டால் எந்தக் கூரையும் லாபமாகத்தான் தெரியும்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இந்தத் தொழிலைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, வாசகர்கள் நிறுவுபவரிடம் கேட்க வேண்டியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். வெயில் தரவு எங்கிருந்து எடுத்தது, கூரையில் அளந்த உயரங்கள் என்னென்ன, இழப்பு ஒவ்வொன்றாக எவ்வளவு, சொன்ன யூனிட் சராசரி ஆண்டுக்கானதா அல்லது பத்தில் ஒன்பது ஆண்டுகளில் கட்டாயம் தாண்டும் என்று எதிர்பார்க்கிற அளவா. எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்தில் அடங்கும். எங்கள் கொட்டேஷனில் விலைப் பக்கத்துக்கு அடுத்த பக்கமாக அதை இணைத்துத்தான் கொடுக்கிறோம். வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினால் எல்லா நிறுவனங்களும் கொடுப்பார்கள், அதைத் தர முடியாத மென்பொருளை விற்பவர்களும் தங்கள் மென்பொருளைத் திருத்தியாக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
சூரிய மின் அமைப்புகள் வடிவமைக்கும் ஒரு பொறியாளர்