தவறணை இல்லை, அம்மா

பாரிஸ்
24.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கடை கடிதத்தைப் பவளம் மாமியின்ரை மருமகன் கொண்டுவந்து தந்தவர். தூளும் பினாட்டும் பத்திரமா வந்தது. இவ்வளவு நாளும் எழுதேல்லை எண்டு கோபிக்க வேண்டாம். குடிக்கிற தவறணையிலையோ வேலை எண்டு நீங்கள் கேட்ட கேள்விக்கு ஃபோனிலை மறுமொழி சொன்னா பக்கத்திலை நிக்கிற மாமியின்ரை காதுக்கும் போகும், அதுதான் எழுதுறன். நான் தவறணையிலை வேலை செய்யேல்லை.

இது மெனில்மொந்தான் ஏத்தத்திலை உள்ள சின்னச் சாப்பாட்டுக்கடை. வைனும் குடுப்பினம். சனம் பிள்ளையளோடை வந்திருந்து, ஒரு கிளாஸை ஒரு மணித்தியாலம் வைச்சுக் குடிக்கும். ஒரு கிளாஸ் 7 யூரோ, எங்கடை காசுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். அந்த விலைக்கு ஆர் வெறிக்கப்போறான்?

முதலாளிமார் ரெண்டு பேரும் என்ரை வயசுதான். முதலிலை அவைக்குச் சொந்தக் கடை இல்லை. பின்னேரம் பூட்டுற கோப்பிக்கடை ஒண்டை இரவுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துச் சமைச்சவை. பொப்-அப் எண்டு சொல்லுவினம். சனம் வந்தாக் கடை, வராட்டிச் சட்டிபானையோடை வீட்டை. அங்கை புகைபோக்கி இல்லாதபடியால் பொரிக்கேலாது, தாளிக்கேலாது. ஆறின சாப்பாடும் வைனும் எண்டு தொடங்கினது அதாலைதான். இப்ப சொந்தக் கடையிலை நல்ல அடுப்பு இருந்தும் சனம் அந்த லீக்ஸைத்தான் கேக்குது. ஓம் அம்மா, எங்கடை நுவரெலியா லீக்ஸ். முழுசா அவிச்சு, ஆறவைச்சு, கடுகும் வினாகிரியும் எண்ணெயும் அடிச்சு மேலை ஊத்தினா 11 யூரோ. நீங்கள் கண்டாக் கோழிக்குப் போடுவியள்.

எனக்குக் கோப்பை கழுவுறதோடை மரக்கறி வெட்டுறதும். வைன் கிளாஸ் துடைக்கிறதுதான் கரைச்சல். அடியை ஒரு கையாலும் வாயை மற்றக் கையாலும் பிடிச்சுத் திருகினா காம்பு டக்கெண்டு முறியும். கிண்ணத்தைப் பிடிச்சுக்கொண்டே கிண்ணத்தைத் துடைக்கவேணும். நவம்பர் மூண்டாம் வியாழன் போஜொலே புது வைன் வாற நாள், போன வியாழன் அதுதான். றோட்டு வரைக்கும் சனம். எத்தினை கிளாஸ் துடைச்சனோ தெரியாது.

மேல்வீட்டிலை ஒரு கிழவி. கடை திறந்த புதுசிலை இரவு பத்து மணிக்குத் தடியாலை நிலத்தைத் தட்டுவாவாம். இப்ப அவவே வந்து மூலைக்கதிரையிலை இருக்கிறா. வேறை ஆரும் அதிலை இருந்தா முறைச்சே எழுப்பிப்போடுவா. தட்டைப் பாணாலை துடைச்சுத் துடைச்சுச் சாப்பிட்டா எனக்குக் கழுவ ஒண்டும் மிச்சமில்லை. பாண் சரியில்லை எண்டு நெடுகப் பேச்சு. 2023இலை பாரிசின்ரை திறமான பகெத் எண்ட நீட்டுப் பாணுக்குப் பரிசு எடுத்தவர் எங்கடை தர்ஷன் செல்வராஜா, ஜனாதிபதி மாளிகைக்கே பாண் குடுத்தவர் எண்டு ஒருக்காச் சொன்னன். "அப்ப நீயும் சுடு பாப்பம்" எண்டா.

குளிருக்குப் பயப்பிடாதையுங்கோ, குசினி வெக்கைதான். அறையிலை நாலு பேர், தனிமை எண்ட கதைக்கே இடமில்லை. நான் இரவு வேலை முடிஞ்சு போகேக்கை மூண்டு பேரும் நித்திரை, நான் எழும்பேக்கை அவை வேலைக்குப் போயிடுவினம். ஞாயிறிலை எங்கடை ஆக்களின்ரை கடையள் இருக்கிற லாச்சப்பல் போய் முருங்கைக்காய் விலை கேட்டுட்டு வருவன். வாங்கிறேல்லை, ஒராளுக்கு என்னத்துக்கு?

உங்கடை கடிதத்தின்ரை மூலையிலை சொதிக் கறை ஒண்டு. மணந்து பாத்தன், ஒண்டும் மணக்கேல்லை. பிறகும் பாத்தன். மாரி தொடங்கியிருக்கும், கூரை ஒழுகுதோ? அடுப்படிப் பக்கத்து ஓட்டை மாத்தச் சொன்னனே.

காசு இந்த முறை கொஞ்சம் பிந்தும். வேறை ஒண்டுமில்லை, சீட்டைக் கழிவிலை எடுத்திட்டன், இனிக் கட்டித்தான் முடிக்கவேணும். மஞ்சுவின்ரை விசயத்துக்கு வைச்சது அப்பிடியே கிடக்கு, அதிலை தொடாதையுங்கோ. மாப்பிள்ளை பகுதி கனடா எண்டு ஆடினா அவசரப்பட்டுச் சொல்லைக் குடுக்க வேண்டாம், அங்கை என்ன வேலை எண்டு சின்னண்ணையை விசாரிக்கச் சொல்லுங்கோ.

சித்தப்பா வேலியை அரக்கிப்போட்டார் எண்டு எழுதினியள். நீங்கள் போய்ச் சண்டை பிடிக்காதையுங்கோ. சேவையரைக் கூப்பிட்டு அளக்கேக்கை விதானையாரும் நிக்கவேணும். உறுதியின்ரை போட்டோக் கொப்பியை மட்டும் காட்டுங்கோ, மூலத்தை ஆரும் கேட்டாலும் குடுக்காதையுங்கோ. தெற்கு எல்லைப் பனை அப்பா வைச்சது, அதைத் தறிக்க விடவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்